மாமாவுக்குத் தோல் உரிந்தது மாத்திரையாலா, கிருமியாலா? டயாலிசிஸ் செய்பவர் வீட்டார் அவசியம் பார்க்கவும்

தாமிரவருணிக் கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு சந்தேகம் கேக்கணும். கேக்கதோட, கிட்னி போன ஆள் இருக்க வீடுகளுக்கு இது தெரிஞ்சிருக்கணும்னுதான் கொஞ்சம் விவரமா எழுதுதேன்.

எங்க மாமாவுக்கு (அத்தை வீட்டுக்காரர், ஊர் அம்பாசமுத்திரம் பக்கம்) வயசு அறுபது தாண்டிட்டு. சுகர்ல கிட்னி போயி டயாலிசிஸ் நடக்கு. கையில பிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துததுக்காக ரத்தக்குழாயைச் சேத்துத் தைக்கது) இன்னும் பக்குவப்படலன்னு கழுத்துல டியூப் போட்டுத்தான் ஓடிக்கிட்டு இருந்தது. போன மாசம் டியூப் போட்ட எடத்துல லேசா சீழ். கூடவே காய்ச்சல், குளிர். "துண்டு பட்டாலே கழுத்து எரியுது"ன்னு மாமா சொல்லியிருக்காவ. அத்தை பாத்தப்போ கழுத்தும் அக்குளும் செவந்து கெடந்துருக்கு. பக்கத்துல ஒரு டாக்டர்ட்ட காட்டி அமாக்சிசிலின் மாத்திரை வாங்கிக் குடுத்தாவ. மறுநா அக்குள்லயும் தொடையிடுக்குலயும் தோல் வழண்டு வருது. முதுகுல கை வச்சுப் பெரட்டினா, கை வச்ச எடம் உரிஞ்சு செக்கச்செவேல்னு நிக்கி. வெந்நி கொட்டினாப்பல இருந்தது.

மொதல்ல கொண்டு போன எடத்துல மாத்திரை அலர்ஜின்னு சொல்லி ஆன்டிபயாடிக்கை நிறுத்திட்டு ஸ்டீராய்டு ஊசி போட்டாவ. சீட்டுல செவப்பு மையில "பென்சிலின் ஒவ்வாது"ன்னும் எழுதிட்டாவ. ராத்திரி பிரஷர் எறங்கவும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். அங்க தோல் டாக்டரம்மா வந்ததும் வாயைத் தொறக்கச் சொன்னாவ, இமையைத் தூக்கிப் பாத்தாவ. பொறவு அத்தைட்ட, "மாத்திரை மொதல்லயா, செவப்பு மொதல்லயா?"ன்னு கேட்டாவ. அத்தை யோசிக்காம, "செவப்புதான் மொதல்ல"ன்னாவ. உரிஞ்ச தோலைக் கொஞ்சம் எடுத்து சோதனைக்கு அனுப்பிட்டு, அது வாரதுக்கு முந்தியே கிருமிக்கு ஊசி ஆரம்பிச்சாச்சு. கழுத்து டியூபையும் எடுத்துட்டாவ. கைக்குழந்தைக்கு வார நோய் இது, பெரியவங்களுக்கு வாரது அபூர்வம்னு சொன்னாவ.

மாமா தேறிட்டாவ. என் சந்தேகம் இதுதான். குழந்தைக்கு வாரது அறுபது வயசு ஆளுக்கு எப்படி வந்தது? மாத்திரை அலர்ஜியும் இதும் பார்வைக்கு ஒண்ணுபோலத்தான் இருக்கு. எப்படிப் பிரிச்சுப் பாக்காவ?

பேட்டை ரோடு எழுதியது:

படிக்கவே பதறுது. மாமா நல்லாருக்காவன்னு கடைசில சொன்னீங்களே, அதுவரைக்கும் மூச்சு விடல. இந்த விசயம் தெரிஞ்சவங்க யாராவது எழுதுங்க.

சேரன்மாதேவி வயக்காடு எழுதியது:

தம்பி, காய்ச்சலும் அடிச்சு மேலெல்லாம் கொப்புளமும் வந்தா எங்க பக்கம் அம்மைன்னுதான் சொல்லுவோம். ஆஸ்பத்திரி வாசல் மிதிக்க மாட்டோம். வேப்பிலையை விரிச்சு அதுமேல படுக்க வச்சு, அரிப்பெடுத்தா வேப்பங்கொழையால தடவி விடுவோம். நான் சின்னப் பயலா இருக்கும்போது பெரியம்மை கண்டவங்களையே அப்படிப் பாத்துக்கிட்டாவ. எங்க தெருவுல இப்பவும் அப்படித்தான். இது அம்மை இல்லைன்னு வீட்டுல உள்ளவங்க எப்படித் தெரிஞ்சுக்கிடுதது? எனக்கும் அதைச் சொல்லுங்க.

முக்கூடல்காரன் எழுதியது:

மாத்திரையைச் சந்தேகப்படுததே தப்புன்னு இதைப் படிக்கிறவங்க எடுத்துக்கிடக் கூடாது. எங்க அண்ணனுக்கு வலிப்புக்கு ஃபெனிட்டாயின் மாத்திரை ஆரம்பிச்சு மூணாவது வாரம் ஒடம்பெல்லாம் தோல் கழண்டது. வாய் பூரா புண்ணு, எச்சி முழுங்க முடியல. கண்ணு ஒட்டிக்கிட்டு. ஒண்ணுக்குப் போகவும் கதறுனான். டாக்டர் அந்த மாத்திரையை அந்த நிமிசமே நிறுத்தினதாலதான் இன்னைக்கு உயிரோட இருக்கான், கண்ணுல ஈரம் வத்திப்போச்சுன்னு இப்பவும் சொட்டு மருந்து விட்டுக்கிட்டு இருக்கான். அலர்ஜின்னு டாக்டர் சொன்னா அதை லேசா நெனைக்காதீங்க.

பாளை தோல் வைத்தியர் எழுதியது:

முக்கூடல்காரன் எழுதியதும் சரி, தாமிரவருணிக் கரை எழுதியதும் சரி. இரண்டும் வேறு வேறு நோய்கள். இந்த நோயாளியை நான் பார்த்ததில்லை, ஆகவே பொதுவாகச் சொல்கிறேன்.

மாமாவுக்கு வந்ததை ஸ்டாஃபிலோகாக்கல் ஸ்கால்டட் ஸ்கின் சிண்ட்ரோம் என்போம். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமிதான் காரணம். அது ஒன்றும் அபூர்வக் கிருமி இல்லை. நம்மில் நாலில் ஒருவர் மூக்கிலாவது குடியிருக்கும். கட்டி, கண்கட்டி, பிள்ளைகளுக்கு வரும் நீர்க்கொப்புளச் சிரங்கு எல்லாம் அதன் வேலை. ஆனால் அந்தக் கிருமியின் எல்லா வகையும் இந்த நச்சைச் சுரப்பதில்லை, நூற்றில் ஐந்து வகை போலத்தான் சுரக்கும். கிருமி ஒரு மூலையில் இருந்துகொண்டே நச்சை மட்டும் ரத்தத்தில் விடுகிறது. அது உடம்பு முழுக்கப் போய்த் தோலை உரிக்கிறது. அதனால்தான் சீழ் கழுத்தில் இருக்க, முதுகுத் தோல் உரிகிறது.

உரிப்பது எப்படி என்பதைக் கண்டுபிடிக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. 1878-ல் பிராக் நகரத்து அனாதைக் குழந்தைகள் விடுதியில் ரிட்டர் என்ற மருத்துவர் 297 குழந்தைகளிடம் இந்த நோயைப் பார்த்து எழுதிவைத்தார். 1956-ல் ஸ்காட்லாந்தில் லயல் என்பவர், முக்கூடல்காரனின் அண்ணனுக்கு வந்தது போன்ற நோயை டாக்ஸிக் எபிடெர்மல் நெக்ரோலைசிஸ் என்ற பெயரில் விவரித்தார். அவர் சொன்ன நான்கு பேரில் ஒருவருக்கு இருந்தது ரிட்டர் பார்த்த நோய்தான் என்று பிற்பாடு கருதினார்கள். அதற்குப் பெயர் கொடுத்தவரே இரண்டையும் சேர்த்து எழுதியிருக்கிறார் என்றால், ராத்திரி வார்டில் தனியாக நிற்கும் இளம் மருத்துவர் குழம்புவதில் வியப்பில்லை. 1970-ல் மெலிஷ், கிளாஸ்கோ என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு இந்தக் கிருமியைச் செலுத்தித் தோல் உரிவதைக் காட்டினார்கள். 2000-ல் ஜப்பானில் அமகாய் குழுவினர் கடைசி முடிச்சை அவிழ்த்தார்கள். தோலின் மேல்புறத்துச் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைக்கும் டெஸ்மோக்ளீன் 1 என்ற புரதத்தை இந்த நச்சு தேடிப் போய் வெட்டுகிறது. வேறெதையும் தொடுவதில்லை.

இதிலிருந்து எல்லாம் விளங்கும். வாய்க்குள், கண்ணுக்குள் உள்ள மெல்லிய சவ்வில் டெஸ்மோக்ளீன் 3 என்ற இன்னொரு பிடிமானமும் இருக்கிறது. ஆகவே வாய் உள்ளே புண்ணாவதில்லை. உதட்டைச் சுற்றி வெடிக்கும், பொருக்குத் தட்டும், அவ்வளவுதான். டாக்டரம்மா முதலில் வாயைத் திறக்கச் சொன்னது இதற்காகத்தான். வெட்டு மேலேயே விழுவதால் கிருமியை அடக்கினால் இரண்டு வாரத்துக்குள் தழும்பில்லாமல் ஆறிவிடும். மருந்தால் வரும் நோயில் மேல்தோல் முழு ஆழத்துக்கும் செத்துக் கழல்கிறது, வாய், கண், பிறப்புறுப்பு எல்லாம் புண்ணாகின்றன. மருந்து தொடங்கி நாலு நாளிலிருந்து நாலு வாரத்துக்குள் வருவதுதான் வழக்கம். வலிப்பு மாத்திரைகள், சல்ஃபா மருந்துகள், யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் அலோபூரினால் ஆகியவை அடிக்கடி மாட்டும்.

குழந்தைக்கு ஏன் என்று கேட்டீர்கள். நச்சை வெளியேற்றுவது சிறுநீரகம். கைக்குழந்தைக்கு அது முற்றாக வளர்ந்திருக்காது, நச்சை முறிக்கும் எதிர்ப்பொருளும் இருக்காது. வளர வளர இரண்டும் வந்துவிடுகின்றன. கிட்னி செயலிழந்தவருக்கு நச்சு போக வழியில்லை. டயாலிசிஸ் செய்பவர்கள், உறுப்பு மாற்றியவர்கள், புற்றுநோய்க்கு மருந்தெடுப்பவர்கள், ஹெச்.ஐ.வி. உள்ளவர்கள், குடியால் ஈரல் கெட்டவர்கள், பெரியவர்களில் இது வருவது பெரும்பாலும் இவர்களுக்குத்தான். ஒன்றும் இல்லாத பெரியவர்களுக்கும் எப்போதாவது வந்திருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேர்கூடச் சாவதில்லை. பெரியவர்களில் இதுவரை எழுதப்பட்ட நோயாளிகளில் பாதிக்கு மேல் இறந்திருக்கிறார்கள். தோல் உரிந்ததால் மட்டும் இல்லை, கிருமி ரத்தத்தில் கலந்திருப்பதாலும் ஏற்கெனவே இருக்கும் நோயாலும். மருந்து நோயில் சந்தேக மருந்தை நிறுத்துவதுதான் உயிர் காக்கும், இதில் ஆன்டிபயாடிக்கைத் தொடங்குவதுதான் உயிர் காக்கும். கிளாக்சசிலின் அல்லது செஃபாசோலின், இந்த மருந்துகளுக்கு அடங்காத எதிர்ப்பு வகைக் கிருமி என்று சந்தேகம் இருந்தால் வான்கோமைசின். நச்சு உற்பத்தியைக் குறைக்கச் சிலர் கிளிண்டமைசினும் சேர்ப்பார்கள். ஸ்டீராய்டை மட்டும் கொடுத்தால் நோய் முற்றும்.

ஆய்வுக்கூடத்துக்காரி எழுதியது:

டாக்டர் சொன்னதோட என் வேலைப் பக்கத்தையும் சேத்துக்கிடுதேன். உரிஞ்சு வந்த தோலையே உறைய வச்சு சீவி நுண்ணோக்கியில பாத்தா அன்னைக்கே ஓரளவு தெரிஞ்சிரும். கிருமி நோய்ன்னா மேல உள்ள மெல்லிசான அடுக்கு மட்டும் இருக்கும். மருந்து நோய்ன்னா மேல்தோல் மொத்தமும் செத்து வந்திருக்கும். எங்களுக்கு வார சாம்பிள்ல பாதி கொப்புளத் தண்ணி. இந்த நோய்ல அதுல கிருமி வளராது. நச்சு மட்டும்தானே அங்க வந்திருக்கு! "கிருமி இல்லை"ன்னு எங்க ரிப்போர்ட்டைப் பாத்துட்டு அப்ப அலர்ஜிதான்னு முடிவு கட்டிரக் கூடாது. டியூப் வாய், மூக்கு, புண்ணு இருந்தா புண்ணு, இதுல இருந்து எடுக்கணும். ரத்தம் கண்டிப்பா எடுக்கணும். குழந்தைகளுக்கு ரத்தத்துல பெரும்பாலும் வளராது, பெரியவங்களுக்கு நெறைய நேரம் வளரும். ஆன்டிபயாடிக் ஊசி ஏறுததுக்கு முந்தி எடுத்துட்டா நல்லது. ஆனா ரத்தம் எடுக்கணும்னு ஊசியைத் தள்ளிப்போடுததும் கூடாது.

தீக்காய வார்டு சிஸ்டர் எழுதியது:

வயக்காட்டு ஐயா கேட்டதுக்கு நான் பதில் சொல்லுதேன். அம்மைன்னா முத்து முத்தா, தனித்தனியா வரும். ஒவ்வொரு முத்துலயும் தண்ணி கோத்திருக்கும், சிலது காஞ்சிருக்கும், சிலது புதுசா எழும்பும். இதுல முத்தே இருக்காது. மொதல்ல செவப்பு, தொட்டா வலி. பொறவு அக்குள், கழுத்து, தொடையிடுக்கு, மடிப்பு இருக்க எடமெல்லாம் தோல் சுருங்கி, பாளம் பாளமா நகந்து வரும். பெரியம்மை 1975-க்குப் பொறவு நம்ம நாட்டுல கிடையாது. இப்ப வாரது சின்னம்மைதான்.

வேப்பிலை விசயம். ஐயா, மனசு கோண வேண்டாம். தலைமாட்டுல வைங்க, வாசல்ல சொருகுங்க, சாமிக்கு நேந்துக்கிடுங்க. மேல தடவ மட்டும் வேண்டாம். இந்த நோய்ல பாக்க நல்லா இருக்க தோல்கூட, விரலால லேசா தேச்சாலே கழண்டு வரும். வேப்பங்கொழை ஓரம் ரம்பம்போல இருக்கும், அதால தடவினா எங்கெல்லாம் பட்டுதோ அங்கெல்லாம் உரிஞ்சிரும். மஞ்சளைக் குழைச்சுப் பூசிக் கூட்டிட்டு வாராவ, அதைக் கழுவி எடுக்கும்போது நோயாளி படுத பாடு பாக்கச் சகிக்காது.

எங்க வார்டுல தோல் உரிஞ்ச ஆளுக்கு வாழை இலை போடுவோம். கிருமி நீக்கின இலைமேல படுக்க வச்சா புண்ணு ஒட்டாது, மாத்தும்போது வலி இல்ல. நம்ம பக்கம் இலைக்கா பஞ்சம்? ஆனா அது வார்டுல செய்யுத வேலை. வீட்டுல தோட்டத்து இலையை அறுத்துக் கழுவிப் போட்டுப் பாத்துக்கிடலாம்னு யாரும் நெனச்சிராதீங்க. நோயாளிக்கு முக்கியமா வேண்டியது ஊசி மருந்து. மத்தது எல்லாம் அதுக்குத் துணை.

தோல் போன ஒடம்புல தண்ணியும் சூடும் நிக்காது. சித்திரை வெயில்லயும் குளிருதும்பாவ. ஃபேனைக் குறைச்சு, மூடி வைக்கணும். தண்ணி எவ்வளவு ஏத்தணும்ங்கது டயாலிசிஸ் ஆளுக்குக் கத்திமேல நடக்க மாதிரி, கூடினா நுரையீரல்ல கோத்துக்கிடும், கொறஞ்சா பிரஷர் எறங்கிரும். அதனால மணிக்கணக்குல அளந்து பாப்போம். பிளாஸ்திரி ஒட்ட மாட்டோம். ஊசி நிக்கதுக்கும் துணியைச் சுத்தித்தான் கட்டுவோம். வலிக்கு டைக்ளோஃபினாக், ப்ரூஃபன் கூடாது, இருக்க கிட்னியும் போயிரும். தீக்காயத்துக்குப் போடுத சில்வர் களிம்பும் தடவ மாட்டோம், தோல் இல்லாத எடத்துல மருந்து உள்ள போயிரும். பாக்க வாரவங்க கையைக் கழுவிட்டு வாங்க. அந்தக் கிருமி நம்ம கைவழியா அடுத்த கட்டிலுக்குப் போயிரும். குழந்தைகள் வார்டுன்னா ரொம்ப ஆபத்து.

சேரன்மாதேவி வயக்காடு எழுதியது:

கோணல் ஒண்ணுமில்ல தாயி. தலைமாட்டுல வைக்கச் சொன்னியே, அது போதும். முத்து இல்லாம பாளமா வந்தா ஆஸ்பத்திரின்னு எங்க தெருவுல நான் சொல்லுதேன். நான் சொன்னா கேப்பாவ.

திசையன்விளை மணல் எழுதியது:

எங்கய்யாவுக்கு இதுதான் வந்திருக்கணும்னு இப்பத் தோணுது. ஈரல் கெட்டுப் போய், கால்ல ஆறாத புண்ணோட இருந்தாவ. காய்ச்சலோட தோல் உரிஞ்சது. வாய்ல புண்ணு இல்ல, நான்தான் கஞ்சி ஊட்டினேன், நல்லா முழுங்கினாவ. அலர்ஜின்னு சொல்லி எந்த மாத்திரைன்னு தேடிக்கிட்டே இருந்தோம். வீட்டுல இருந்த அட்டை எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போய்க் காட்டினேன். கால் புண்ணை யாரும் அவுத்துப் பாக்கல. அய்யா தவறிட்டாவ. யாரையும் குறை சொல்லி எழுதல. இப்படி ஆள் உங்க வீட்டுல இருந்தா, புண்ணு இருக்க எடத்தை நீங்களே காட்டுங்க, கேக்கட்டும்னு காத்திருக்காதீங்க.

பாளை தோல் வைத்தியர் எழுதியது:

திசையன்விளை மணல், உங்கள் அய்யாவுக்கு என்ன நோய் என்று இங்கிருந்து என்னால் சொல்ல இயலாது. ஆனால் நீங்கள் கடைசியில் எழுதிய வரியை எங்கள் மாணவர்களுக்குப் படித்துக் காட்டுவேன். நோயின் மூலம் எங்கே என்று தேடாமல் உரிந்த தோலையே பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும்.

வீட்டார் சொல்ல வேண்டியது வரிசை. காய்ச்சல் எப்போது, சிவப்பு எப்போது, முதல் மாத்திரை எப்போது. கிழமையோடு சொன்னால் இன்னும் நல்லது. காய்ச்சல் வந்ததற்காகக் கொடுத்த மாத்திரை, காய்ச்சலோடு வந்த நோய்க்குப் பழி ஏற்பது அடிக்கடி நடக்கிறது. அதே சமயம் டயாலிசிஸ் செய்பவர்களில் சிலர் அலோபூரினாலும் சாப்பிடுவார்கள், ஆகவே அவர்களுக்கு இரண்டு நோயும் வரலாம். வாயில் புண் இல்லை, கிருமிதான் என்று வீட்டிலேயே முடிவு கட்டுவதும் கூடாது. தோல் உரிந்தால் எதுவானாலும் அவசரம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி போல, தோல் பிரிவும் டயாலிசிஸும் ஒரே இடத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

தாமிரவருணிக் கரை எழுதியது:

டாக்டர், ரொம்ப நன்றி. இன்னொண்ணு. அந்தப் பழைய சீட்டுல செவப்பு மையில எழுதினது அப்படியே இருக்கு. டயாலிசிஸ் எடத்துலயும் ஃபைல் அட்டைமேல எழுதி ஒட்டிட்டாவ. அது இருந்தா என்ன, பத்திரம்தானேன்னு மாமா சொல்லுதாவ. அப்படியே விட்டுரலாமா?

பாளை தோல் வைத்தியர் எழுதியது:

விடவே கூடாது. இதைக் கேட்டதற்கு நான்தான் நன்றி சொல்ல வேண்டும். கிளாக்சசிலினும் பென்சிலின் குடும்பம். அந்தச் சிவப்பு எழுத்தை நம்பியிருந்தால் அன்று ராத்திரி அதைப் போடத் தயங்கியிருப்பார்கள். டயாலிசிஸ் செய்பவருக்கு ஸ்டாஃப் கிருமி மறுபடி வர வாய்ப்பு உண்டு. வரும்போது முதல் தர மருந்தை விட்டுவிட்டு இரண்டாந்தரத்துக்குப் போக வைக்கும் அந்த எழுத்து.

டிஸ்சார்ஜ் சீட்டில் எந்த ஊசி போட்டார்கள் என்று பாருங்கள். கிளாக்சசிலின் முழுக்க ஏறியும் ஒவ்வாமை ஒன்றும் வரவில்லை என்றால் அதுவே பெரிய சாட்சி. சிகிச்சை கொடுத்த தோல் மருத்துவரிடம் போய், நோயின் பெயரையும் "பென்சிலின் ஒவ்வாமை இல்லை" என்பதையும் எழுதி வாங்குங்கள். அதன் நகலை டயாலிசிஸ் ஃபைலில் வைத்து, பழைய ஒட்டுச்சீட்டை அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள். ஒரு மாத்திரை போட்டுப் பார்ப்போமே என்று வீட்டில் சோதிக்க வேண்டாம்.

முக்கூடல்காரன் எழுதியது:

எங்க அண்ணனுக்கு எழுதினதை மட்டும் யாரும் எடுத்துரக் கூடாது, அப்படித்தானே டாக்டர்? அவன் சட்டைப் பையிலயே ஒரு அட்டை வச்சிருக்கான்.

பாளை தோல் வைத்தியர் எழுதியது:

ஆயுசுக்கும் இருக்கட்டும். ஃபெனிட்டாயினோடு கார்பமாஸெபைன், ஃபீனோபார்பிட்டாலும் அவருக்கு ஆகாது என்று அதில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அவருடைய மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

வள்ளியூர் வாசகி எழுதியது:

சிஸ்டர் அக்கா, எங்கம்மாவுக்கும் கழுத்துலதான் டியூப். பிளாஸ்திரி ஓரத்துல லேசா செவப்பா இருக்கு. தோல் ஒண்ணும் உரியல. இதைப் படிச்சதுல இருந்து பயமா இருக்கு. டியூப் இருந்தாலே இந்த நோய் வந்துருமா?

தீக்காய வார்டு சிஸ்டர் எழுதியது:

பயப்படாதீங்க தங்கச்சி. டியூப் போட்ட எத்தனையோ பேர்ல எப்பவோ ஒருத்தருக்குத்தான் தோல் உரியுத அளவுக்குப் போகும். ஆனா தோல் உரியாட்டாலும் டியூப் வழியா ரத்தத்துல கிருமி ஏறுததே ஆபத்துதான். டியூப் மேல போட்ட கட்டுத்துணியை நனைக்கக் கூடாது. திருநீறு, மஞ்சள் எதுவும் அங்க வைக்க வேண்டாம். டியூப்பைத் தொறந்து மாட்டும்போது மாட்டுதவங்களும் அம்மாவும் மாஸ்க் போட்டிருக்கணும், மூக்குலதான் அந்தக் கிருமி இருக்கும்னு டாக்டர் சொன்னாருல்லா. கையில பிஸ்டுலா வைக்கச் சொல்லியிருந்தா நாளைக் கடத்தாதீங்க. அம்மாவுக்குக் காய்ச்சல், குளிர் ஏதும் உண்டா?

வள்ளியூர் வாசகி எழுதியது:

சாயங்காலம் டயாலிசிஸ் முடிஞ்சு வரும்போது குளிருதுன்னு போர்வை கேட்டாவ அக்கா. இப்ப தொட்டுப் பாத்தா ஒடம்பு சுடுது. காலைல வர பாக்கட்டுமா?

தீக்காய வார்டு சிஸ்டர் எழுதியது:

வேண்டாம். இப்பவே கெளம்புங்க. டயாலிசிஸ் ஃபைல், மாத்திரை சீட்டு எல்லாத்தையும் எடுத்துக்கிடுங்க. அவசரப் பிரிவுல போனதும் மொத வார்த்தை, "டயாலிசிஸ் ஆளு, கழுத்துல டியூப், அதுல செவப்பு, காய்ச்சல் குளிர்"ன்னு சொல்லுங்க. வழியில மெடிக்கல்ல எந்த மாத்திரையும் வாங்கிக் குடுக்காதீங்க.

வள்ளியூர் வாசகி எழுதியது:

சரிக்கா. அண்ணன் வண்டி எடுக்கப் போயிருக்கான்.